டீலர்கிட்ட எடுத்த செகண்ட் ஹேண்ட் கார்ல ஹெட் கேஸ்கெட் போயிருக்கு, மீட்டரும் திருப்பியிருக்காங்க - பணத்தை திரும்ப கேக்க முடியுமா?

சாலைப்பயணி:

எல்லாருக்கும் வணக்கம். சமீபத்துல ஒரு யூஸ்டு கார் டீலர்கிட்ட டீசல் ஹேட்ச்பேக் ஒண்ணு எடுத்தேன். தனி ஆள்கிட்ட இல்ல, போர்டு மாட்டி வரிசையா வண்டி நிறுத்தி விக்கிற கடை. விலை அஞ்சு லட்சத்துக்குள்ள, பாதி சேத்து வச்ச காசு, மீதி பேங்க் லோன். டெஸ்ட் டிரைவ் போனப்ப சத்தம் புகை எதுவும் இல்ல, நல்லாத்தான் ஓடுச்சு. "சிங்கிள் ஓனர், ஆக்சிடென்ட் இல்ல, இன்ஜின்ல ஒரு வேலையும் இல்ல"ன்னு வாயால சொன்னது மட்டும் இல்ல, போட்டோவோட சேத்து வாட்ஸ்அப்லயும் அனுப்பிருக்காங்க.

எடுத்து கொஞ்ச நாள்லயே ஹைவேல போனா டெம்பரேச்சர் முள் மேல ஏற ஆரம்பிச்சுது, நிறுத்தி ஆற வச்சா இறங்குது, கூலண்ட் குறைஞ்சுகிட்டே போகுது ஆனா வண்டிக்கு கீழ ஒரு சொட்டு ஈரம் இல்ல. தெரிஞ்ச மெக்கானிக்கிட்ட கொண்டு போனேன். அவர் ஆயில் ஊத்துற மூடியை கழட்டி உள்பக்கத்தை காட்டினார், பால் கலந்த மாதிரி வெளுத்துப்போய் கொழகொழன்னு ஒட்டியிருந்துச்சு. கூலண்ட் டேங்க்ல டார்ச் அடிச்சா அடியில செம்பு கலர்ல தூள் தூளா மினுங்குது. ஹெட் கேஸ்கெட் (இன்ஜினோட மேல்பாகமான ஹெட்டுக்கும் கீழ இருக்கிற பிளாக்குக்கும் நடுவுல வர்ற சீல்) போயிருக்கு, ஸ்டாப் லீக் (கசிவை தற்காலிகமா அடைக்கிற கலவை) ஊத்தி அமுக்கி வச்சு வித்திருக்காங்க, ஹெட்டே வளைஞ்சிருந்தாலும் ஆச்சரியமில்லன்னு சொல்றார்.

சந்தேகம் வந்து கம்பெனி சர்வீஸ் சென்டர்ல பழைய ஹிஸ்டரி கேட்டு வாங்கினேன். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி சர்வீஸ்லயே 1,18,000 கிலோமீட்டர்னு என்ட்ரி இருக்கு. எனக்கு குடுக்கறப்ப மீட்டர்ல இருந்தது 64,000.

டீலர்கிட்ட போய் கேட்டா "பழைய வண்டின்னா அப்படி இப்படித்தான் இருக்கும், ஓட்டிப் பாத்துதானே எடுத்தீங்க, டெலிவரி நோட்ல ஆஸ் இஸ் வேர் இஸ், அதாவது உள்ளது உள்ளபடின்னு கையெழுத்து போட்டிருக்கீங்க"ன்னு அனுப்பிட்டாங்க. நாளைக்கு காலைல மெக்கானிக் ஹெட்டை இறக்கறேன்னு சொல்லிருக்கார். வேலையை முடிச்சுட்டு அந்த பில்லை டீலர்கிட்ட கேக்கறதா, இல்ல வண்டியையே திருப்பிக் குடுத்துட்டு பணத்தை கேக்க முடியுமா? செகண்ட் ஹேண்டுக்கு சட்டத்துல ஏதாவது பாதுகாப்பு இருக்கா இல்லையா, தெரிஞ்சவங்க சொல்லுங்க, ரொம்ப மன உளைச்சல்ல இருக்கேன்.

ஸ்பேனர்செட்:

தம்பி, முதல்ல மெக்கானிக்குக்கு போன் போட்டு நிறுத்தச் சொல்லுங்க. ஹெட்டை இறக்கிட்டா உங்ககிட்ட இருக்கிற சாட்சியே போச்சு. பழைய கேஸ்கெட்டை கையில வச்சுகிட்டு நின்னாலும் "இது அந்த வண்டியோடதுதான்னு என்ன நிச்சயம், நீங்கதான் தண்ணி இல்லாம ஓட்டி கெடுத்துட்டீங்க"ன்னு ஒரே வார்த்தைல முடிச்சிருவாங்க. நான் இந்த வேலைலயே இருக்கேன், நியாயம் கஸ்டமர் பக்கம் இருந்தும் இந்த இடத்துல கோட்டை விட்டவங்க நிறைய பேர்.

பிரிக்காமயே நிறைய கண்டுபிடிக்கலாம். கூலண்ட்ல எரிஞ்ச கேஸ் கலக்குதான்னு பாக்க பிளாக் டெஸ்ட் இருக்கு, டேங்க் வாய்ல ஒரு குழாயை வச்சு நீலக் கலர் திரவம் வழியா ஆவியை இழுப்பாங்க, கேஸ் கலந்திருந்தா கலர் மாறிடும், அதை முழுசா வீடியோ எடுங்க. கூடவே கம்ப்ரெஷன் டெஸ்ட், கூலிங் சிஸ்டம் பிரஷர் டெஸ்ட். அந்த செம்புத் தூளோட கூலண்டை சுத்தமான பாட்டில்ல எடுத்து மூடி தேதி எழுதி சீல் பண்ணி வைங்க. இதையெல்லாம் உங்க மெக்கானிக் சொன்னா மட்டும் போதாது, அந்த கம்பெனியோட சர்வீஸ் சென்டர்ல பணம் கட்டி இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட்டா லெட்டர்ஹெட்ல வாங்குங்க, ரிப்போர்ட்ல சேசிஸ் நம்பரும் அன்னைக்கு இருந்த மீட்டர் ரீடிங்கும் கட்டாயம் வரணும். சில வண்டில கிலோமீட்டர் கிளஸ்டர்ல (டேஷ்போர்டு மீட்டர்ல) மட்டும் இல்லாம வண்டியோட வேற கம்ப்யூட்டர் மாட்யூல்லயும் பதிவாகியிருக்கும், மீட்டர் திருப்பறவன் எல்லாத்தையும் மாத்த மாட்டான், ஸ்கேனர் போடறப்ப அதையும் பாக்கச் சொல்லுங்க.

வண்டியை இனிமே ஓட்டவே ஓட்டாதீங்க, சர்வீஸ் சென்டருக்கும் டோ பண்ணியே கொண்டு போங்க. சூடு ஏற ஏற ஹெட் இன்னும் வளையும், அந்த கெடுதலுக்கு நீங்கதான் பொறுப்புன்னு ஆயிரும்.

நுகர்வோர்நண்பன்:

ஸ்பேனர்செட் அண்ணன் சொன்னதை அப்படியே செய்யுங்க. சட்டப் பக்கம் நான் சொல்றேன், நுகர்வோர் வழக்குகள்ல மனு எழுதற வேலை ரொம்ப வருஷமா பாக்கறேன்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, புது பொருளுக்கு மட்டும்னு எங்கயும் சொல்லல. காசு குடுத்து சொந்த உபயோகத்துக்கு வாங்கினா நீங்க நுகர்வோர், விக்கிறதையே தொழிலா வச்சிருக்கிறவர் வியாபாரி, அவ்வளவுதான். சட்டத்துல குறைபாடுன்னா என்னன்னு எழுதியிருக்கிற இடத்துல, வியாபாரி எந்த வகையில சொன்ன தரத்துக்கு பொருள் குறைஞ்சிருந்தாலும் அது குறைபாடுதான்னு வருது. "இன்ஜின்ல ஒரு வேலையும் இல்ல"ங்கிற அந்த வாட்ஸ்அப் மெசேஜ் உங்களுக்கு தங்கம் மாதிரி, அதை டெலீட் ஆகாம பாத்துக்கோங்க. ஸ்க்ரீன்ஷாட் மட்டும் பத்தாது, அந்த போனையும் அப்படியே வைங்க, பாரதிய சாட்சிய அதினியம் (இப்ப இருக்கிற சாட்சியச் சட்டம்) பிரிவு 63 படி சர்டிபிகேட் சேத்துதான் பிரிண்ட் அவுட்டை தாக்கல் பண்ணணும்.

மீட்டர் விஷயம் இன்னும் கனமானது. 64,000 ஓடின வண்டின்னு காட்டி லட்சத்துக்கு மேல ஓடினதை விக்கிறது பிரிவு 2(47)ல வர்ற நியாயமற்ற வணிக நடைமுறை. அதே பிரிவுல இன்னொண்ணும் இருக்கு, பலருக்கு இது தெரியறதே இல்ல: குறைபாடுள்ள பொருளை பில்லுல எழுதின காலத்துக்குள்ள, எதுவும் எழுதலைன்னா 30 நாளைக்குள்ள, திரும்ப எடுத்துகிட்டு பணத்தை தர மறுத்தா அதுவும் நியாயமற்ற வணிக நடைமுறைதான். அதனால இன்னைக்கே எழுத்துல கேளுங்க. வாயால கேட்டதுக்கு கணக்கே கிடையாது.

நோட்டீஸுக்கு வக்கீல் வேணும்னு அவசியம் இல்ல, நீங்களே எழுதலாம். என்ன வாங்கினீங்க, என்ன சொல்லி வித்தாங்க, இப்ப என்ன கண்டுபிடிச்சிருக்கு, வண்டி எங்க நிக்குது, இத்தனாம் தேதிக்குள்ள அவங்க ஆளை அனுப்பி பாத்துக்கலாம், 15 நாளைக்குள்ள வண்டியை எடுத்துகிட்டு பணத்தை தரணும். இவ்வளவு போதும், கோவமான வார்த்தை ஒண்ணும் வேணாம். ஸ்பீட் போஸ்ட்ல டெலிவரி அக்னாலட்ஜ்மென்ட்டோட அனுப்பி, அதையே ஈமெயில், வாட்ஸ்அப்லயும் போடுங்க. பாக்க வரச்சொல்லி கூப்பிட்டிருக்கீங்கங்கிறது பின்னாடி ரொம்ப உதவும்.

பதில் இல்லன்னா 1915க்கு கால் பண்ணி தேசிய நுகர்வோர் உதவி மையத்துல பதிவு பண்ணுங்க, அவங்களால உத்தரவு போட முடியாது, ஆனா பேசி முடிக்கப் பாப்பாங்க. அதுலயும் நடக்கலைன்னா மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நீங்க குடுத்த விலை 50 லட்சம் வரைக்கும் அங்கதான், அஞ்சு லட்சம் வரைக்கும் கோர்ட் ஃபீஸ் கிடையாது. டீலர் வேற மாவட்டத்துல இருந்தாலும் நீங்க குடியிருக்கிற மாவட்டத்துலயே போடலாம். நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி போர்ட்டல்ல ஆன்லைன்லயே தாக்கல் பண்ணலாம். பிரச்சனை வந்த நாள்ல இருந்து ரெண்டு வருஷம் டைம் இருக்கு, ஆனா அதுக்காக வண்டியை வெயில்ல போட்டுட்டு காத்திருக்காதீங்க.

கணக்குப்பிள்ளை_77:

நான் கொஞ்சம் மாத்தி சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க, நம்பிக்கையோட போய் நடுவுல உடைஞ்சு போகக்கூடாதுன்னுதான். ஆஸ் இஸ் வேர் இஸ்னு கையெழுத்து போட்டதுக்கு மதிப்பே இல்லன்னு நினைக்காதீங்க. சரக்கு விற்பனைச் சட்டம் 1930 பிரிவு 16ல, வாங்கறவர் பொருளை சோதிச்சுப் பாத்திருந்தா, அந்த சோதனைல தெரிஞ்சிருக்க வேண்டிய குறைக்கு பின்னாடி வந்து தரம் சரியில்லன்னு கேக்க முடியாதுன்னு இருக்கு. டயர் தேஞ்சது, கிளட்ச் கனமா இருக்கிறது, ஏசி குளிராதது இதெல்லாம் மனுவுல சேத்தீங்கன்னா உங்க கேஸ்தான் பலவீனமாகும், அதுங்களை விட்டுருங்க.

டைமும் யோசிங்க. சட்டத்துல எதிர்தரப்புக்கு நோட்டீஸ் போனதுல இருந்து மூணு மாசம், டெஸ்டிங் தேவைப்பட்டா அஞ்சு மாசத்துல முடிக்கப் பாக்கணும்னு இருக்கு. நடைமுறைல அதைவிட நல்லாவே இழுக்கும், அப்புறம் மாநில ஆணையத்துக்கு அப்பீல் வேற. முழுப் பணம் கிடைக்கிற வரைக்கும் வண்டியும் இல்லாம லோனும் கட்டிகிட்டு இருக்க முடியுமான்னு வீட்ல உக்காந்து பேசுங்க. அவங்க செலவுலயே ஹெட் வேலை முழுசா செஞ்சு குடுத்து, கிலோமீட்டர் வித்தியாசத்துக்கு ஒரு தொகை திருப்பித் தர்றேன்னு எழுத்துல குடுத்தா, நான் உங்க இடத்துல இருந்தா ஏத்துக்குவேன்.

நுகர்வோர்நண்பன்:

கணக்குப்பிள்ளை சார் சொன்ன பிரிவு 16 சரிதான், ஆனா அதுல இருக்கிற வார்த்தையையே பாருங்க, சோதனைல தெரிஞ்சிருக்க வேண்டிய குறை. ஸ்டாப் லீக் ஊத்தி மறைச்ச கேஸ்கெட்டும் திருப்பின மீட்டரும் ஒரு டெஸ்ட் டிரைவ்ல யாருக்கும் தெரியாது, தெரியக்கூடாதுன்னுதானே மறைச்சாங்க. தெரிஞ்சே மறைக்கிறது இந்திய ஒப்பந்தச் சட்டம் பிரிவு 17 படி மோசடி, உள்ளது உள்ளபடின்னு வாங்கின கையெழுத்து மோசடியை மூடாது. ஆனா டீலருக்கு தெரியும்னு காட்ட வேண்டியது நம்ம பொறுப்பு, மீட்டரை முன்னாடி இருந்த ஓனரே திருப்பியிருக்கலாம்னு கண்டிப்பா சொல்லுவாங்க. அப்படியே சொன்னாலும் 64,000ன்னு விளம்பரம் போட்டு வித்தது அவங்கதான், சர்வீஸ் ஹிஸ்டரியை ஒரு போன்ல செக் பண்ணியிருக்கலாம், அதை மனுவுல எழுதுங்க.

டயர் கிளட்ச் பத்தி அவர் சொன்னது நூத்துக்கு நூறு சரி. செட்டில்மென்ட் பத்தியும் நான் எதிர்க்கல, ஆனா நோட்டீஸ் அனுப்பின பிறகு பேசுங்க, முன்னாடி இல்ல.

சாலைப்பயணி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, மெக்கானிக்கை நிறுத்தச் சொல்லிட்டேன், வண்டி அவர் ஷெட்லயே நிக்குது. ஆனா புதுசா ஒரு குழப்பம். இப்ப டீலர் "நாங்க புரோக்கர் மட்டும்தான், வித்தது பழைய ஓனர், அவரைப் போய் கேளுங்க"ன்னு சொல்றாங்க. ஆர்சி பழைய ஓனர் பேர்ல இருந்து நேரா என் பேருக்கு மாறியிருக்கு. பேங்க் லோன் பணம் பழைய ஓனர் அக்கவுண்டுக்கு போச்சு, நான் கையில இருந்து குடுத்தது ஜிபேல டீலரோட சொந்த அக்கவுண்டுக்கு. சரியான பில்லுன்னு எதுவும் தரல, அவங்க கடை பேர் போட்ட டெலிவரி நோட் மட்டும்தான். அப்ப கேஸே நிக்காதா?

நுகர்வோர்நண்பன்:

நிக்கும். இந்த புரோக்கர் பதில் எல்லா இடத்துலயும் வர்றதுதான். பழைய ஓனர் தனி ஆள்னா அவர் வியாபாரி கிடையாது, அவர்மேல மட்டும் நுகர்வோர் ஆணையத்துக்கு போனா சிக்கல், அது சிவில் கோர்ட் விஷயமாயிரும், டீலரும் அதைத்தான் விரும்பறார். அதனால டீலரை முதல் எதிர்மனுதாரராவும் பழைய ஓனரை ரெண்டாவதாவும் போடுங்க. வண்டியை அவர் கடைல வச்சு காட்டினார், விலை அவர்கிட்ட பேசினீங்க, விளம்பரம் அவர் போட்டார், நீங்க கையில இருந்து குடுத்த பணம் அவர் அக்கவுண்டுக்கு போச்சு, டெலிவரி நோட் அவர் பேர்ல இருக்கு. புரோக்கர்தான்னே வச்சாலும் கமிஷன் வாங்கிகிட்டு செஞ்ச சேவைல குறைபாடுன்னு கேக்கலாம். பில் தராததும் அந்த 2(47)லயே நியாயமற்ற நடைமுறையா இருக்கு.

இன்னொரு பிடி, மத்திய மோட்டார் வாகன விதிகள்ல 55ஏல இருந்து 55எச் வரைக்கும் 2022 டிசம்பர்ல சேத்தாங்க, 2023 ஏப்ரல் 1ல இருந்து அமல்ல இருக்கு. பதிவான வண்டியை வாங்கி விக்கிற டீலருக்கு ஆர்டிஓ அங்கீகாரம் வேணும், ஓனர் வண்டியை டீலர்கிட்ட ஒப்படைக்கறப்பவே போர்ட்டல்ல தகவல் குடுக்கணும், அதுக்கப்புறம் டீலரையே ஓனரா கருதுவாங்க, வண்டி வெளிய போற ஒவ்வொரு தடவையும் கிலோமீட்டரோட ட்ரிப் ரிஜிஸ்டர்ல ஏத்தணும். உங்க டீலருக்கு அங்கீகாரம் இருக்கா, இந்த வண்டிக்கு அந்த தகவல் போயிருக்கான்னு ஆர்டிஓ ஆபீஸ்ல எழுதிக் கேளுங்க. இருந்தா ஓனர்ங்கிற நிலைல அவரே மாட்டுவார், இல்லன்னா அங்கீகாரம் இல்லாம தொழில் பண்றார்னு மனுவுல சேத்துக்கலாம்.

பழைய ஓனர்கிட்ட சண்டை போடாம ஒரு போன் போட்டுப் பாருங்க, அவர் வண்டியை குடுத்தப்ப மீட்டர்ல எவ்வளவு இருந்துச்சுன்னு கேளுங்க. இன்சூரன்ஸ் ரினியூவலுக்கு எடுத்த போட்டோ ஏதாவது அவர் போன்ல இருந்தாலும் இருக்கும், அதுல ரீடிங் லட்சத்துக்கு மேல இருந்துச்சுன்னா மீட்டர் எங்க திரும்புச்சுங்கிறதுக்கு அதைவிட சாட்சி வேண்டாம்.

ஸ்பேனர்செட்:

ஷெட்ல நிக்கிறப்ப பேட்டரி டெர்மினலை கழட்டாதீங்க தம்பி, சில வண்டில எரர் கோடு அழிஞ்சிரும், ஸ்கேன் முடிஞ்ச பிறகு கழட்டலாம்.

கணக்குப்பிள்ளை_77:

லோன் பத்தி யாரும் சொல்லல. கோவத்துல ஈஎம்ஐயை நிறுத்திராதீங்க, பேங்க்குக்கும் உங்களுக்கும் உள்ளது தனி ஒப்பந்தம், டீலர் ஏமாத்தினார்ங்கிறதை அவங்க கணக்குல எடுத்துக்க மாட்டாங்க, சிபில் ஸ்கோர்தான் அடி வாங்கும். கட்டின வட்டிக்கு ஸ்டேட்மென்ட், டோ பில், ரிப்போர்ட் ஃபீஸ் எல்லாத்தையும் ஒரு ஃபைல்ல போட்டு வைங்க, நஷ்டஈடு கேக்கறப்ப அதுங்களையும் சேத்துக் கேக்கலாம். இன்சூரன்ஸ் இன்னும் பழைய ஓனர் பேர்ல இருந்தா இந்த வாரமே மாத்திருங்க.