கொலாச்சே: நடுக்குழி மேலே எழும்பி பூரணம் சரிகிறது, மாவில் கள் வாசனை

குளுவாங்_அடுப்படி:

வணக்கம். செக் நாட்டு கொலாச்சே (நடுவில் குழி போட்டுப் பூரணம் வைத்துச் சுடும் இனிப்பு ரொட்டி) செய்யத் தெரிந்தவர்கள் இங்கே இருப்பதைப் பழைய இழைகளில் பார்த்தேன். டிசம்பரில் தோட்டத்து மாதா கோயில் தேநீர் விருந்துக்கு 60 துண்டு வேண்டும். இப்போது பயன்படுத்தும் அளவு இது:

மைதா 500 கிராம், வெதுவெதுப்பான பால் 250 மில்லி, உருக்கிய வெண்ணெய் 100 கிராம், சீனி 80 கிராம், மஞ்சள்கரு 2, இன்ஸ்டன்ட் ஈஸ்ட் ஒரு பாக்கெட் (11 கிராம்), உப்பு அரைத் தேக்கரண்டி. ஒன்றரை மணி நேரம் உப்ப விட்டு, 24 உருண்டை பிடித்து, கட்டைவிரலால் குழி போட்டு, சீனி கலந்த பன்னீர் வைத்து, மறுபடியும் 30 நிமிடம் விட்டு, 200 டிகிரியில் சுடுவது.

குழி ஓவனுக்குள் போனதும் மேலே எழும்பிவிடுகிறது, பன்னீர் ஒரு பக்கமாகச் சரிகிறது. மாவைக் கிள்ளினால் கள் வாசனை. பன்னீருக்குப் பதில் கிரீம் சீஸ் வைத்தால் உருகி டிரேயில் ஓடுகிறது. அடுப்படி வெப்பம் மத்தியானத்தில் 31, 32 டிகிரி. எதை மாற்றணும்?

ரொட்டி_ராணி:

தங்கச்சி, உங்கள் அளவில் பெரிய கோளாறு எதுவும் இல்லை. செக் வீடுகளில் அடுப்படி 20, 22 டிகிரிதான் இருக்கும். அங்கே பாலைச் சூடாக்குவதற்கும் ஒன்றரை மணி நேரம் விடுவதற்கும் காரணம் அந்தக் குளிர். அதே முறையை நம்ம ஊரில் செய்தால் முக்கால் மணியிலேயே மாவு உச்சத்துக்குப் போய், அதற்கப்புறம் புளிக்க ஆரம்பித்துவிடும். கள் வாசனை அதனால்தான். புளித்த மாவுக்குப் பிடிமானம் போய்விடும், ஓவனில் தட்டையாகப் படுத்துக்கொள்ளும்.

ஈஸ்டை 5 கிராமாகக் குறையுங்கள். கடையில் பாக்கெட் 11 கிராம் என்பதற்காக முழுசையும் கொட்ட வேண்டியதில்லை, வாயை மடித்து குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம். பாலைக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த கையோடு ஊற்றுங்கள். மாவே 30 டிகிரியில் இருக்கிறது, பிசையும்போதும் சூடேறும். பிசைந்து முடித்ததும் நடுவில் தெர்மோமீட்டர் குத்தினால் 26, 27 காட்ட வேண்டும். 30 காட்டினால் அரை மணி நேரம் குளிரில் வையுங்கள். வெண்ணெயை உருக்க வேண்டாம். விரல் அழுத்தினால் பதிகிற பதம் போதும், மற்றதெல்லாம் பிசைந்து மாவு வழுவழுப்பான பிறகு துண்டு துண்டாகச் சேருங்கள். உருக்கிய வெண்ணெய் மாவைத் தளரவைக்கும், நீங்கள் இன்னும் மைதா தூவுவீர்கள், சுட்டபின் காய்ந்து கிடக்கும். உப்பு 6 கிராம் வேண்டும். சுவைக்கு மட்டுமில்லை, ஈஸ்டின் வேகத்தையும் அது அடக்கும்.

மாவைப் பொறுத்தவரை, அங்கே கோதுமை மாவையே மூன்று விதமாக அரைத்து விற்பார்கள். ஹ்லட்கா நைஸ், ஹ்ருபா கரகரப்பு, பொலோஹ்ருபா இரண்டுக்கும் நடுவில். கொலாச்சேவுக்குப் பலரும் எடுப்பது பொலோஹ்ருபா. நமக்கு சாதா மைதா 350, ரொட்டி மாவு 150 கலந்தால் சரியாக வரும். கேக்குக்கு வாங்கும் சூப்பர்ஃபைன் மாவைத் தொடாதீர்கள், இவ்வளவு வெண்ணெயைத் தாங்க அதற்குத் தெம்பு இல்லை.

இப்போது குழி. குழி போட்டபின் அரை மணி நேரம் விடுகிறீர்களே, அந்த நேரத்தில் அடிப்பகுதியும் சேர்ந்து உப்பி பூரணத்தைத் தூக்கிவிடுகிறது. வரிசையை மாற்றுங்கள். 40 கிராம் உருண்டை, 10 நிமிடம் ஓய்வு, உள்ளங்கையால் லேசாகத் தட்டி டிரேயில் வைத்து 20 நிமிடம் உப்ப விடுங்கள். அதன் பிறகு 5 சென்டிமீட்டர் அடி உள்ள கண்ணாடி கிளாஸை மைதாவில் தொட்டு, டிரேயின் தகரம் தட்டுப்படும்வரை நேராக அழுத்துங்கள். கட்டைவிரல் சின்னப் பள்ளம்தான் போடும், அடி கனமாகவே இருக்கும். முள்கரண்டியால் அடியில் இரண்டு குத்து. உடனே பூரணம், ஓரத்தில் அடித்த முட்டை, மேலே வெண்ணெய்ப் பொடி, நேரே ஓவன். 180 டிகிரி, 15 முதல் 18 நிமிடம். மேசை ஓவன் என்றால் கீழ்த் தட்டில் வையுங்கள், மேல் கம்பி நெருக்கமாக இருப்பதால் நிறம் சீக்கிரம் ஏறி ஏமாற்றும். ஒன்றைத் தூக்கி அடியைப் பாருங்கள், அது பொன்னிறமானால்தான் வெந்த கணக்கு.

வெண்ணெய்ப் பொடிக்கு மைதா 70, மெல்லிய ரவை 30, சீனி 50, குளிர்ந்த வெண்ணெய் 50 கிராம். விரல் நுனியால் உதிர்த்து, தேவைப்படும்வரை குளிரிலேயே இருக்கட்டும். மார்ஜரின் போட்டால் உருகி ஒட்டிக்கொள்ளும், மொறுமொறுப்பு வராது.

தயிர்க்கலயம்:

அக்கா சொன்னதோடு பூரணத்தைப் பற்றிச் சொல்கிறேன். அதில் வைப்பது த்வரோஹ் என்ற தயிர்க்கட்டி. பன்னீர், கொதிக்கும் பாலில் எலுமிச்சை விட்டுத் திரிப்பது. அது இறுகிப்போகும், அரைத்தாலும் மணல்தான். கிரீம் சீஸில் கொழுப்பு அதிகம், சூட்டில் இளகி ஓடத்தான் செய்யும். த்வரோஹ், பாலை முதலில் தயிராக்கி, பிறகு மிதமான சூட்டில் நீர் பிரித்து எடுப்பது. வீட்டில் சுலபமாக வரும்.

கடையில் குளிர்பெட்டியில் இருக்கும் பால் 2 லிட்டர். அலமாரியில் அடுக்கியிருக்கும் யூஎச்டி பெட்டிப் பால் வேண்டாம், மிகுந்த சூட்டில் காய்ச்சியதால் அதன் தயிர் நீரை விடாமல் பிடித்துக்கொள்ளும். பாலை வெதுவெதுப்பாக்கி 4 மேசைக்கரண்டி புளிப்புத் தயிர் கலந்து இரவு மூடி வையுங்கள். காலையில் கெட்டியாக உறைந்திருக்கும். கத்தியால் கட்டம் கட்டமாக வெட்டி, அந்தப் பாத்திரத்தை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இறக்கி, சிறு தீயில் வையுங்கள். தயிர் 45 டிகிரி வந்ததும் அடுப்பை அணைத்து 30 நிமிடம் அப்படியே விடுங்கள். கிளறக் கூடாது. பச்சை கலந்த மஞ்சள் நீர் தனியாக நிற்கும். 60 டிகிரியைத் தாண்டவிட்டால் குருணை குருணையாகிப் பன்னீர் மாதிரி ஆகிவிடும். மெல்லிய துணியில் கட்டி, குளிர்சாதனப் பெட்டிக்குள்ளேயே ஆறேழு மணி நேரம் தொங்கட்டும். வெளியே தொங்கவிட்டால் நம்ம வெயிலுக்குப் புளிப்பு எல்லை மீறும். ஏறத்தாழ 400 கிராம் கிடைக்கும்.

அந்த 400 கிராமுக்குச் சீனி 70, மஞ்சள்கரு 1, கஸ்டர்ட் மாவு 1 மேசைக்கரண்டி, மஞ்சள் லெமன் தோல் துருவல், உலர்திராட்சை ஒரு பிடி. துருவும்போது வெள்ளைப் பகுதி விழக் கூடாது, கசக்கும். கரண்டியால் கலந்தால் போதும். பீட்டர் வைத்து அடித்தால் கட்டி உடைந்து தளர்ந்துவிடும். சீனி பட்டதும் நீர் விட ஆரம்பிக்கும், அதனால் குழி போடுவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் கலக்க வேண்டும். கரண்டியைக் கவிழ்த்துப் பாருங்கள், விழாமல் ஒட்டி நின்றால் வைக்கலாம்.

நேரமே இல்லை, பன்னீர்தான் இருக்கிறது என்றால் 300 கிராம் பன்னீரோடு நீர் வடித்த கட்டித்தயிர் 100 சேர்த்து அரைக்கலாம். சாப்பிட நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அந்தப் புளிப்பு வராது.

குளுவாங்_அடுப்படி:

ரொம்ப நன்றி அக்கா, அண்ணே. இன்னும் இரண்டு. கசகசா பூரணத்துக்கு நம்ம மளிகைக் கடை வெள்ளைக் கசகசா சரிப்படுமா? கசந்துவிடுகிறது. பிளம் ஜாமுக்கு இங்கே என்ன போடலாம், ஆசாம்போய் ஊறவைத்து அரைக்கலாமா? கூடவே, ஒருவர் கோழிக் குழம்போடு க்னெட்லீக் (செக் நாட்டில் வேகவைத்து வெட்டிப் பரிமாறும் மாவு உருளை) கேட்கிறார். அதையும் சொன்னால் உதவி.

மசாலா_மணி:

ஆசாம்போயா, வேண்டவே வேண்டாம். அது உப்பிட்ட பழம், எத்தனை தண்ணீர் மாற்றினாலும் உப்பு நிற்கும். கொலாச்சேவில் வைக்கும் பிளம் ஜாமான பொவிட்லா என்பது பழுத்த பிளம்மைச் சீனி சேர்க்காமல் மணிக்கணக்காகச் சுண்டக் காய்ச்சுவது. அதற்குப் பதில் கொட்டை நீக்கிய ப்ரூன் (உலர்ந்த பிளம்) 300 கிராம், தண்ணீர் 150 மில்லி, 15 நிமிடம் வேகவைத்து மசித்து, பட்டைத்தூள் கால் தேக்கரண்டி, இரண்டு கிராம்பைப் பொடித்துப் போட்டு மறுபடி கிளறுங்கள். கரண்டியால் கோடு இழுத்தால் கோடு மூடாமல் நிற்க வேண்டும். ஜாம் மாதிரி பளபளவென்று இருந்தால் இன்னும் நீர் இருக்கிறது, ஓவனில் கொதித்து வெளியே வரும்.

கசகசா அங்கே நீலநிறம். நம்ம வெள்ளை தாராளமாக ஆகும், சுவை கொஞ்சம் மென்மை, நிறம்தான் வெளுத்திருக்கும். குருமாவுக்கு அரைக்கிற மாதிரி தண்ணீர் விட்டு அரைக்காதீர்கள், வழவழவென்று ஆகிவிடும். காய்ந்த சின்ன ஜாரில் 200 கிராம் கசகசாவோடு 30 கிராம் சீனி சேர்த்து, விட்டு விட்டுச் சுற்றுங்கள். ஒரேயடியாக ஓட்டினால் எண்ணெய் கக்கி உருண்டையாகும். முழுசாகவே விட்டாலும் பால் இழுக்காது, பல்லில் நறநறக்கும். பொடித்ததை 180 மில்லி பால், 60 கிராம் சீனி, 20 கிராம் வெண்ணெய், ஒரு சிட்டிகை பட்டையோடு ஐந்து நிமிடம் கிளறி ஆறவிடுங்கள். தளர்வாக இருந்தால் பிஸ்கட் தூள் ஒரு கரண்டி.

கசப்பு அநேகமாகப் பழைய சரக்கு. கசகசாவில் எண்ணெய் அதிகம், பொடித்து வைத்தால் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். முழுசாக வாங்கி, இரண்டு மணியை மென்று பார்த்து, ஃப்ரீசரில் வைத்து, செய்கிற அன்றைக்குப் பொடியுங்கள்.

மலேசியாவின் குளுவாங்கிலிருந்து சிங்கப்பூருக்குப் பலகாரம் கொண்டுபோகிற பழக்கம் உள்ளவர்களுக்கு: அங்கே கசகசா தடை செய்யப்பட்ட பொருள். பாலம் தாண்டுகிற பெட்டியில் பிளம்மும் த்வரோஹும் மட்டும் போதும்.

ரொட்டி_ராணி:

க்னெட்லீக்குக்கு ஹ்ருபா மாவுதான் உயிர். சாதா மைதாவில் மட்டும் செய்தால் பசைதான். மைதா 350, மெல்லிய ரவை 150, பால் 250 மில்லி, முட்டை 1, ஈஸ்ட் 5 கிராம், உப்பு ஒரு தேக்கரண்டி. முந்தின நாள் ரொட்டி மூன்று துண்டைச் சின்னச் சதுரமாக வெட்டி, பிசைந்து முடிக்கும்போது சேருங்கள், புது ரொட்டி கரைந்துவிடும். 45 நிமிடம் உப்பியதும் 20 சென்டிமீட்டர் நீளத்தில் மூன்று உருளை. 15 நிமிடம் விட்டு, உப்புப்போட்ட கொதிநீரில் மூடி 10 நிமிடம், திருப்பிப்போட்டு 10 நிமிடம். பாத்திரம் சின்னதென்றால் இட்லிச் சட்டியில் துணி விரித்து 25 நிமிடம் ஆவியில் வைக்கலாம். மூடியையும் துணியால் கட்டுங்கள், சொட்டுகிற நீர் மேல்தோலைக் குழியாக்கும்.

எடுத்த நொடியே குச்சியால் பல இடத்தில் குத்த வேண்டும். உள்ளே இருக்கும் ஆவி வெளியேறாவிட்டால் உருளை சுருங்கி நடுவில் மாவாகவே நிற்கும். வெட்டுவதற்குக் கத்தி வேண்டாம், நசுங்கும். தையல் நூலை அடியில் கொடுத்து மேலே குறுக்காக இழுத்தால் பளிச்சென்று துண்டாகும்.

அங்கே இதற்குப் பேர்போன ஜோடி ஸ்விச்கோவா, மாட்டிறைச்சியும் கிரீம் குழம்பும். கோழிதான் கேட்கிறார் என்றால் பாப்ரிக்கா கோழி சரி. வெங்காயம் வதங்கியதும் அடுப்பிலிருந்து இறக்கி இனிப்புப் பாப்ரிக்காவைப் போட்டு உடனே தண்ணீர் ஊற்றுங்கள், தீயில் கருகினால் கசக்கும். நம்ம மிளகாய்த்தூளைக் காரத்துக்கு ஒரு சிட்டிகைக்கு மேல் போட்டால் அது வேறு குழம்பு.

குளுவாங்_அடுப்படி:

அருமை. கடைசியாக, 60 துண்டை முந்தின நாளே சுட்டு வைக்கலாமா? ஓவனில் ஒரு தடவைக்கு 9தான் பிடிக்கும்.

தயிர்க்கலயம்:

த்வரோஹ் வைத்ததை இரவு முழுக்க வெளியே வைக்க முடியாது, நம்ம வெக்கைக்கு நாலு மணி நேரம்தான் கணக்கு. ப்ரூனும் கசகசாவும் மூடிய டப்பாவில் மறுநாள் வரை தாங்கும். அதனால் அவை இரண்டையும் முந்தின சாயங்காலமே சுடுங்கள், த்வரோஹ் மட்டும் விருந்தன்று காலை.

முதல் கலவையை மட்டும் உடனே பயன்படுத்தி, மற்றதைப் பிசைந்ததும் எண்ணெய் தடவிய டப்பாவில் குளிரில் போடுங்கள், இரவு தாங்கும். ஈஸ்டை அதற்கு 4 கிராம் ஆக்குங்கள். இப்படிச் செய்தால் 9 ஓவனில் வேகும்போது அடுத்த 9 மேசையில் புளிக்காமல் காத்திருக்கும். 60ஐயும் ஒன்றாக உருட்டி வைத்தால் கடைசி டிரே எப்படியும் தட்டையாகிவிடும்.

ஃப்ரீசரும் உண்டு. சுட்டு, முழுசாக ஆறியபின் ஒற்றை அடுக்காக உறையவைத்துப் பையில் போடுங்கள். எடுத்து வெளியே ஒரு மணி நேரம், பிறகு 150 டிகிரியில் 5 நிமிடம். வெண்ணெய்ப் பொடி பழைய மொறுமொறுப்புக்கு வந்துவிடும், மைக்ரோவேவில் வைத்தால் மட்டும் வராது.

ரொட்டி_ராணி:

சின்னச் சின்ன வட்டமாகத்தான் வேண்டும் என்று அவர்கள் அடம்பிடிக்கவில்லை என்றால் ஃப்ர்கால் என்ற பெரிய கொலாச்சே போதுமா என்று கேட்டுப் பாருங்கள். செக் நாட்டு மொராவியாவின் வலாஷ்ஸ்கோ பகுதிக்காரர்கள் செய்வது, 2013 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்பு பெற்றது. 30 சென்டிமீட்டர் அகலம், மாவு மெல்லிசு, பூரணம் ஓரம்வரை. ஒன்றுக்கு மாவு 280 கிராம் எடுத்து, சுட்டபின் எட்டுத் துண்டு போட்டால் எட்டு வட்டத்தில் உங்கள் கணக்கு முடியும். டிரேயை மட்டும் முதலில் அளந்துகொள்ளுங்கள், மேசை ஓவன்கள் பலதில் 28 சென்டிமீட்டருக்கு மேல் நுழையாது.