செயின் ஓரிடத்தில் தொய்வு, ஓரிடத்தில் விறைப்பு: முழு செட்டையும் மாற்றணுமா?

வணக்கம் நண்பர்களே. அப்பா ஓட்டிய 100 சிசி வண்டியில்தான் தினமும் திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு போய் வருகிறேன். ஒரு மாதமாகப் பின்பக்கம் கடகடவென்று சத்தம். சென்டர் ஸ்டாண்ட் போட்டுச் சக்கரத்தைச் சுற்றினால், செயின் ஓரிடத்தில் இரண்டு விரல் அளவு ஆடுகிறது. கொஞ்சம் சுற்றியதும் கம்பி மாதிரி விறைக்கிறது. அதிகம் இறுக்கினால் பேரிங் போய்விடும் என்று விறைப்பான இடத்தை வைத்தே அட்ஜஸ்ட் செய்திருக்கிறேன்.

போன வருஷம் செயினை மட்டும் மாற்றினோம். செயின் ஓடும் பல்சக்கரங்களான ஸ்பிராக்கெட் முன், பின் இரண்டும் பழசு. பின்னால் இருப்பதன் பல்நுனி கொக்கி போல வளைந்திருக்கிறது. மெக்கானிக் அண்ணன் முன் ஸ்பிராக்கெட் போதும் என்கிறார். எனக்குச் செயினும் இரண்டு ஸ்பிராக்கெட்டும் சேர்ந்த முழு செட்டையும் மாற்றத்தான் தோன்றுகிறது. அப்புறம், மழைக்காலத்தில் செயினுக்கு 90 கியர் ஆயில் (கெட்டியான எண்ணெய்) போடலாமா, செயின் ஸ்பிரே நல்லதா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். அப்பா வண்டி, பத்திரமாக வைத்துக்கொள்ளணும்.