உதவி தேவை: இந்தி வழியில் படிக்கும் பையனுக்கு டென்ஸும் ஆர்ட்டிகிளும் எப்படிப் புரியவைப்பது?

கோமதிக்கரை
வணக்கம். லக்னோவில் இருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பையனுக்கு மாலையில் ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். எதை எழுதினாலும் 'ஹேட்' (had) போட்டுவிடுகிறான். 'ஐ ஹேட் கான் டு மார்க்கெட் எஸ்டர்டே' என்று எழுதுகிறான். தவறு என்றால், பள்ளியில் இப்படித்தான் சொல்லித்தந்தார்கள் என்கிறான். 'தி' எங்கே வரும் என்று கேட்டால் எனக்கும் விதி சொல்லத் தெரியவில்லை. வியாழக்கிழமை தேர்வு. தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

தாமிரபரணி
எந்த வகுப்பு? என்ன தேர்வு? கட்டுரை எழுத வேண்டுமா, கோடிட்ட இடத்தை நிரப்பினால் போதுமா? இதெல்லாம் தெரியாமல் என்ன சொல்வது?

பழைய_ஆசான்
இதே கேள்விக்கு இங்கே பலமுறை விடை எழுதியிருக்கிறேன். தேடிப் படிக்கும் பழக்கம் போய்விட்டது. 12 காலங்களையும் அட்டவணையாக எழுதிக் கொடுத்து, காலையில் 1 முறை, இரவில் 1 முறை ஒப்பிக்கச் சொல்லுங்கள். எங்கள் தலைமுறை அப்படித்தான் படித்தது. விதி தெரியாதவர் பாடம் நடத்த முன்வருவதற்கு முன் தாம் படித்துக்கொள்வது நல்லது.

சேகர்_வேலூர்
'ஏ', 'ஆன்' குழப்பம் என்றால் ஒரே வழி: சொல்லை இந்தி எழுத்தில் எழுதச் சொல்லுங்கள். முதல் எழுத்து உயிரெழுத்தானால் 'ஆன்', மெய் கலந்திருந்தால் 'ஏ'. ஹவர் என்பதை 'ஆவர்' என்று எழுதுவான், ஆகவே 'ஆன் ஹவர்'. யுனிவர்சிட்டி 'யூ'வில் தொடங்கும், அது ய வரிசை, ஆகவே 'ஏ யுனிவர்சிட்டி'. எம்.எல்.ஏ. என்றால் 'ஆன்'. ஆங்கில எழுத்தைப் பார்க்கவே கூடாது, ஒலிதான் கணக்கு. இதைப் பிடித்துக்கொண்டால் ஆர்ட்டிகிள் முடிந்தது.

தாமிரபரணி
சேகர், அவர் கேட்டது 'தி'யைப் பற்றி. ஆர்ட்டிகிள் அத்தோடு எப்படி முடியும்?

மஞ்சுளா_கான்பூர்
கோமதிக்கரை, அந்தப் பையன் பொய் சொல்லவில்லை. கான்பூரில் இந்தி வழி மாணவர்களுக்கு நீண்ட காலம் ஆங்கிலம் எடுத்தவள் நான். அங்கே டென்ஸை வாக்கியத்தின் வாலைப் பார்த்து அடையாளம் காணச் சொல்லித்தருவார்கள். 'ஜாதா ஹை' (போகிறான்) என்று முடிந்தால் இன்டெஃபினிட், 'ஜா ரஹா ஹை' (போய்க்கொண்டிருக்கிறான்) என்றால் கன்டினியுவஸ், 'ஜா சுகா ஹை' (போய்விட்டான்) என்றால் பெர்ஃபெக்ட், 'கயா தா' (போயிருந்தான்) என்றால் பாஸ்ட் பெர்ஃபெக்ட். உங்கள் பையன் மனத்தில் ஓடுவது 'மைங் கல் பாஜார் கயா தா', அதாவது 'நான் நேற்றுச் சந்தைக்குப் போனேன்'. வால் 'தா'. உடனே 'ஹேட் கான்'. கற்றுத்தந்த விதியை அவன் ஒழுங்காகத்தான் பின்பற்றுகிறான். விதிதான் அவனைத் தவறான இடத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது.

இந்தியில் 'கயா தா' என்பது நடந்து முடிந்த எந்தச் செயலுக்கும் இயல்பாக வரும். ஆங்கிலத்தில் 'ஹேட்' வர வேண்டுமானால், அதற்குப் பின்னால் நடந்த இன்னொரு பழைய செயல் துணைக்கு இருக்க வேண்டும். 'தி ட்ரெயின் ஹேட் லெஃப்ட் பிஃபோர் ஐ ரீச்ட் தி ஸ்டேஷன்' போல. ரயில் போனது முதலில், நான் வந்தது பிறகு. 'ஹேட்' எழுதும்போதெல்லாம் அந்த இரண்டாவது செயலைக் காட்டு என்று கேளுங்கள். காட்ட முடியாவிட்டால் 'ஐ வென்ட்'.

'பைட்டா ஹை' என்பதையும் சோதித்துப் பாருங்கள். வாலைப் பார்த்து 'ஹேஸ் சேட்' என்று எழுதுவான். நாம் 'உட்கார்ந்திருக்கிறான்' என்று சொல்வதைப் போன்றதுதான் அது. அங்கே வேண்டியது 'இஸ் சிட்டிங்'.

நெய்தல்
இவ்வளவு இந்தி விளக்கம் எதற்கு? ஒவ்வொரு வாக்கியத்தையும் தாய்மொழி வழியாக இழுத்துவந்தால் ஒருநாளும் பேச வராது. ஆங்கிலத்தை ஆங்கிலமாகவே கேட்க வையுங்கள். கிரிக்கெட் வர்ணனை கேட்கட்டும். காது பழகினால் 'ஹேட்' தானாக உதிர்ந்துவிடும்.

மஞ்சுளா_கான்பூர்
காது பழகுவது நல்லதுதான். வியாழக்கிழமைக்குள் பழகாது. அவன் ஏற்கெனவே மனத்தில் மொழிபெயர்த்துக்கொண்டுதான் இருக்கிறான். அந்தப் பெயர்ப்பு எங்கே பிசகுகிறது என்று காட்டாமல் விட்டால் பிசகு அப்படியே நிலைத்துவிடும்.

கோமதிக்கரை
பத்தாம் வகுப்பு, உ.பி. வாரியப் பாடத்திட்டம். பள்ளித் தேர்வுதான். இந்தியிலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்க்கும் கேள்வி உண்டு. வீட்டில் இந்தியின் வட்டார வழக்கான அவதி பேசுகிறார்கள். 'ஐ ஆம் லிவிங் ஹியர் சின்ஸ் டூ இயர்ஸ்' என்பதையும் மாற்றவே முடியவில்லை.

தாமிரபரணி
அது 'சே' செய்யும் வேலை. 'தோ சால் சே', '2021 சே' இரண்டுக்கும் இந்தியில் ஒரே உருபு. தமிழில் '2 ஆண்டுகளாக', '2021-இலிருந்து' என்று நாம் பிரித்தே சொல்கிறோம். அதனால்தான் அவன் ஏன் தடுமாறுகிறான் என்பது நமக்குச் சட்டென்று தெரிவதில்லை. 'ஆக' வரும் இடத்தில் 'ஃபார்', 'இலிருந்து' வரும் இடத்தில் 'சின்ஸ்'. அவனிடம் இப்படிக் கேளுங்கள்: நீ சொல்வது கால அளவா, தொடங்கிய நேரமா? பிறகு 'ஹேவ் பீன் லிவிங்'.

நெய்தல்
'சின்ஸ் டூ இயர்ஸ்' என்று நாடு முழுவதும் பேசுகிறார்கள். எல்லோருக்கும் புரிகிறது. இந்திய ஆங்கிலம் என்று ஒன்று உண்டு என்பதை ஒப்புக்கொள்ளாமல், லண்டன்காரரின் வழக்கை மட்டும் சரி என்பது அடிமைப் புத்தி.

பழைய_ஆசான்
பிழையைப் பலர் செய்தால் அது மொழியாகிவிடுமா? நாளைக்கு நேர்முகத் தேர்வில் இந்தப் பையன் இப்படிப் பேசி வாய்ப்பை இழந்தால் நீங்கள் வேலை தருவீர்களா?

நெய்தல்
'ப்ரீபோன்' (குறித்த நாளுக்கு முன்னதாக மாற்றுவது) என்ற சொல் இந்தியாவில் புழங்கிப் புழங்கித்தான் ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்குள் போனது. முதலில் அதையும் பிழை என்றவர்கள் உண்டு.

பழைய_ஆசான்
சொல் வேறு, இலக்கணம் வேறு. இந்த வேறுபாடு தெரியாதவருடன் மேற்கொண்டு வாதிட விருப்பமில்லை.

சேகர்_வேலூர்
பையனுக்கு வியாழக்கிழமை தேர்வு. இந்த வாதத்துக்குத் தனி இழை தொடங்குங்கள்.

வரகு
'தி'க்கு நான் பயன்படுத்தும் வழி ஒன்று. தமிழில் 'புத்தகம் வாங்கினான்' என்றால் ஏதோ ஒரு புத்தகம். 'புத்தகத்தை வாங்கினான்' என்றால் நாம் பேசிக்கொண்டிருந்த அந்தப் புத்தகம். ஐ உருபுதான் நம்முடைய 'தி'. இந்தியில் 'கோ' அந்த வேலையைச் செய்கிறது. 'கிதாப் லாவோ' (புத்தகம் கொண்டுவா) என்றால் ஏதாவது ஒன்று. 'கிதாப் கோ மேஜ் பர் ரகோ' (புத்தகத்தை மேசைமேல் வை) என்றால் குறிப்பிட்ட புத்தகம். பையனை 'கோ' போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பொருந்தினால் 'தி'.

மஞ்சுளா_கான்பூர்
வரகு, தொடங்குவதற்கு நல்ல வழி. ஆனால் 'கிதாப் லாவோ' என்பதையே குறிப்பிட்ட புத்தகத்துக்கும் சொல்வார்கள். 'கோ' இல்லை என்பதற்காக 'ஏ' போட்டுவிடக் கூடாது. எழுவாயில் அது இந்த வேலையைச் செய்யாது. 'லட்கா ஆயா' (பையன் வந்தான்) என்றால் அந்தப் பையனா, ஒரு பையனா என்று உருபு சொல்லாது. அங்கே ஒரே கேள்விதான்: படிப்பவருக்கு எந்தப் பையன் என்று தெரியுமா? தெரிந்தால் 'தி பாய்', தெரியாவிட்டால் 'ஏ பாய்'. முதல் வாக்கியத்தில் 'ஏ', அதே ஆளைப் பற்றிய அடுத்த வாக்கியத்தில் 'தி'. ஒரு சிறு கதையை எழுதவைத்துப் பழக்குங்கள்.

பெயர்களை மட்டும் மனப்பாடம் செய்யட்டும். ஆறுகளுக்கும் மலைத்தொடர்களுக்கும் 'தி' உண்டு: தி கங்கா, தி கோமதி, தி ஹிமாலயாஸ். ஊருக்கும் தனிச் சிகரத்துக்கும் இல்லை: லக்னோ, மவுண்ட் எவரெஸ்ட்.

கோமதிக்கரை
மிக்க நன்றி. 'இரண்டாவது செயல் எங்கே' என்று கேட்டவுடன் அவனே 'ஹேட்'டை அடிக்கிறான். மீதியையும் இன்று இரவு பார்த்துவிடுகிறோம்.

தாமிரபரணி
தேர்வு என்ன ஆயிற்று?

கோமதிக்கரை
முடிந்தது, பரவாயில்லை என்றான். 'ஹேட்' 1 இடத்தில்தான் போட்டானாம், அதுவும் சரியான இடத்தில். ஆனால் இப்போது எல்லாவற்றுக்கும் 'தி' போடுகிறான். 'ஐ கோ டு தி ஸ்கூல் எவ்ரி டே' என்று எழுதியிருக்கிறான். இது தவறா?

மஞ்சுளா_கான்பூர்
அவன் படிக்கப் போகிறான், ஆகவே 'டு ஸ்கூல்'. அவன் அப்பா கட்டணம் கட்டப் போனால் 'டு தி ஸ்கூல்', ஏனென்றால் அவருக்கு அது வெறும் கட்டடம். 'பெட்', 'சர்ச்' இரண்டும் இதே மாதிரி. 'மார்க்கெட்', 'ஆபீஸ்' இரண்டுக்கும் இப்படிப்பட்ட வாக்கியத்தில் பொதுவாக 'தி' உண்டு. முதலில் நீங்கள் காட்டிய வாக்கியத்தில் அதுவும் விடுபட்டிருந்தது.