மோட்டார் ஓடுது, தண்ணி ஏறல. தினமும் காலையில இதே கூத்து

கேள்வி:
அரை ஹெச்பி மோனோபிளாக் (மோட்டாரும் பம்பும் ஒண்ணா இருக்கிறது). சம்ப் ஆறடி ஆழம், பாதிக்கு மேல தண்ணி இருக்கு. காலையில சுவிட்ச் போட்டா வெறும் சத்தம்தான். மோட்டார் மேல இருக்கிற மூடியைக் கழற்றித் தண்ணி ஊத்தினா ஏறுது. மறுநாள் பழையபடி. மோட்டாரையே மாத்தணுமா?

பதில் 1:
வேண்டாம் சார். ஊத்தினதும் ஏறுதுன்னா மோட்டார் நல்லாத்தான் இருக்கு. ராத்திரியில சக்ஷன் பைப்ல (சம்ப்புலேர்ந்து தண்ணியை இழுக்கிற பைப்) இருக்கிற தண்ணி சம்ப்புக்கே இறங்கிடுது, அந்த இடத்துல காத்து நிக்குது. எந்த வழியா இறங்குதுன்னுதான் பாக்கணும்.

எம்சிபியை (கரன்ட் பெட்டியில இருக்கிற டிரிப் சுவிட்ச்) அணைங்க. டெலிவரி வால்வு (மேல தண்ணி போற பைப்புல இருக்கிறது) இருந்தா மூடுங்க. மூடியைக் கழற்றி விளிம்பு வரை தண்ணி ஊத்தி 15 நிமிஷம் விடுங்க. மட்டம் இறங்கி, வெளியே எங்கேயும் ஈரம் இல்லன்னா கோளாறு ஃபுட் வால்வுலதான், அதாவது சக்ஷன் பைப்போட அடியில தண்ணி திரும்ப இறங்காம தடுக்கிற வால்வு. ஜாயின்ட்ல கசிஞ்சா அந்த ஜாயின்ட்.

பதில் 2:
மட்டம் இறங்காமலும் காத்து இழுக்கலாம். மயிரிழை விரிசல் தண்ணியை வெளியே விடாது, ஓடும்போது காத்தை உள்ளே இழுக்கும். மோட்டார் ஓடுறப்போ சக்ஷன் ஜாயின்ட் ஒவ்வொண்ணுலயும் சோப்பு நுரை தடவுங்க. நுரை உள்ளே போற இடம்தான் ஓட்டை. மோட்டாருக்கும் பம்புக்கும் நடுவுல சொட்டினா, பம்புத் தண்ணி மோட்டார் பக்கம் கசியாம தடுக்கிற மெக்கானிக்கல் சீல் போயிருக்கு, அதை மெக்கானிக்கிட்ட விடுறதே மேல்.

கேள்வி:
அஞ்சே நிமிஷத்துல இறங்கிடுச்சு. வெளியே சொட்டு ஈரம் இல்ல.

பதில் 1:
அப்போ ஃபுட் வால்வுதான். யூனியனைக் (பைப்பைக் கழற்றி மாட்டுற ஜாயின்ட்) கழற்றி பைப்போட மேலே தூக்குங்க. சம்ப்புக்குள்ள இறங்காதீங்க, மூடியே கிடக்கிற தொட்டியில மூச்சு முட்டும்.

வால்வுக்குள்ள ரப்பர் உக்கார்ற இடத்தைப் பாருங்க. பெரும்பாலும் சிமென்ட் துகளோ மணலோ மாட்டியிருக்கும். ரப்பர் மெத்துனு இருந்தா கழுவினாலே போதும். நகம் அழுந்தாத அளவுக்கு இறுகியிருந்தாலோ, வட்டமா பள்ளம் விழுந்திருந்தாலோ கழுவிப் பயனில்ல, வால்வை மாத்துங்க. பழசைக் கையோட கடைக்குக் கொண்டுபோனா அளவு தப்பாது.

மரையில டெஃப்லான் டேப் பத்துச் சுத்து, மரை ஏறுற பக்கமாவே சுத்துங்க. எதிர்ப்பக்கம் சுத்தினா முறுக்கும்போதே உரிஞ்சு வந்துடும். திரும்ப இறக்கும்போது வால்வு தரையிலிருந்து ஓரடி மேலே நிக்கட்டும். சேத்துல உக்காந்தா மறுபடியும் இதே கதைதான். யூனியன்ல ரப்பர் வாஷரைப் போட மறந்துடாதீங்க.

கேள்வி:
வால்வு மாத்தியாச்சு, ஏறுது. ஆனா பம்புல ‘செல்ஃப் பிரைமிங்’னு (தானே காத்தை வெளியேத்தித் தண்ணியை இழுத்துக்கும்னு) இருக்கே, அப்புறம் எதுக்கு ஃபுட் வால்வு?

பதில் 2:
பம்பு தன் வயித்துல கொஞ்சம் தண்ணி வச்சிருக்கும். அதை வச்சே சக்ஷன் காத்தை டெலிவரி பக்கம் தள்ளும், அதுக்கு நேரம் பிடிக்கும். வால்வு இருந்தா போட்டதும் பிடிச்சுக்கும். இனி ரெண்டு நிமிஷத்துல மேல டேங்குல சத்தம் கேக்கலன்னா உடனே அணைச்சிடுங்க. தண்ணி இல்லாம ஓடினா முதல்ல கருகுறது அந்த மெக்கானிக்கல் சீல்தான்.