இரண்டு மாத்திரை எதுக்கு என்று கேட்டேன்

தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டம். தம்பிக்கு மனச்சிதைவு வந்து பதினோரு வருசம். முதல் இரண்டு வருசம் பூசாரி, தாயத்து என்றே போனது, அதை விடுங்கள்.

கிளினிக்கில் முதலில் ரிஸ்பெரிடோன் தந்தார்கள். காதில் கேட்ட குரல்கள் குறைந்தாலும் முழுசாகப் போகவில்லை. கை கால் விறைத்துப்போனது. அப்புறம் ஒலன்சபினுக்கு மாற்றினார்கள். பழையதைச் சட்டென்று நிறுத்தக்கூடாது, அதைக் குறைத்துக்கொண்டே புதியதைக் கூட்டவேண்டும் என்றார் டொக்டர். பாதியில் அவருக்கு இடமாற்றம் வந்துவிட்டது. அடுத்து வந்தவர் கொப்பியில் இருந்ததை அப்படியே எழுதினார். அவருக்கு அடுத்தவரும் அப்படியே. ஒன்றரை வருசம் இரண்டையும் விழுங்கினான். 18 கிலோ கூடினான், பகலெல்லாம் தூக்கம். "பிள்ளை இப்ப அமைதியா இருக்கான்" என்று லயத்தில் எல்லோருக்கும் சந்தோசம். எழும்பவே இல்லாதவன் எப்படிச் சத்தம் போடுவான்?

ஒருநாள் பேர் போனாலும் பரவாயில்லை என்று நானே கூடப் போனேன். "டொக்டர், இது இரண்டும் எதுக்கு?" அவர் கொப்பியைப் பின்னால் புரட்டிக்கொண்டே போனார். ரிஸ்பெரிடோன் நிற்கவேண்டிய பக்கம் வந்ததும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை, அன்றைக்கு வரிசையில் அத்தனை பேர்.

மெல்ல மெல்ல ஒன்றை நிறுத்தினார்கள். தூக்கம் தெளிந்தது, ஆனால் குரல்கள் திரும்பின. இரண்டு மருந்து போதிய அளவில் கொடுத்தும் கேட்காவிட்டால் க்ளொசபின்தான் என்றார்கள். வெள்ளை அணு குறைகிறதா என்று முதல் 18 கிழமை கிழமைக்கொரு தடவை இரத்தம் எடுக்கவேண்டும். பஸ் காசை நினைத்தால் இப்போதும் தலை சுற்றும். இப்போது ஒரே மருந்துதான். காலையில் மாட்டுக்குப் புல் அறுக்கப் போகிறான்.

பண்டாரவளையிலிருந்து ஒருவர் பதில் எழுதினார்:
அக்கா, இதைப் படித்துவிட்டு யாரும் ஒன்றை நிறுத்திவிடக்கூடாது. என் அண்ணனுக்கு க்ளொசபினோடு அரிபிப்ரசோல் என்ற இன்னொரு மருந்தையும் தெரிந்தேதான் சேர்த்தார்கள். மூன்று மாசம் பார்ப்போம், பலனில்லாவிட்டால் எடுத்துவிடுவோம் என்று முதலிலேயே சொன்னார்கள். பின்லாந்தில் 62,250 நோயாளிகளின் பதிவுகளை வைத்து 2019இல் வந்த ஆய்வில், இந்தச் சோடி எடுத்தவர்கள்தான் திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போனது குறைவு. அதற்காகக் கண்ட இரண்டையும் சேர்த்தாலும் அதே பலன் வரும் என்று நினைக்கக்கூடாது.

மஸ்கெலியாவிலிருந்து இன்னொருவர்:
மகனுக்கும் க்ளொசபின். வார்டில் பீடி இல்லை, வீட்டுக்கு வந்ததும் பிடித்தான், குரல்கள் திரும்பின. புகை அந்த மருந்தை உடம்பில் குறைத்துவிடுமாம். பீடியைத் திடீரென விட்டால் இரத்தத்தில் மருந்து ஏறிவிடும், அதையும் டொக்டரிடம் சொல்லவேண்டும். போன மழைக்கு ரோட்டில் மண் சரிந்து மூன்று நாள் மாத்திரை இல்லை. வந்ததும் பழைய அளவைக் கொடுக்கப் போனேன், நல்லவேளை நர்ஸ் போனிலேயே தடுத்தார். இரண்டு நாளுக்கு மேல் விட்டால் மறுபடி 12.5 மில்லிகிராமிலிருந்து ஏறவேண்டும். இப்போது மாத்திரை முடிய ஐந்து நாள் இருக்கும்போதே கிளினிக்குக்குக் கிளம்பிவிடுகிறோம்.