அக்கா வீட்டுக்காரர் நாயிப் சுபேதார் ஆகிறார்: விழாவுக்கு எப்படிப் போவது, என்ன கொடுப்பது?

காட்பாடிப் பெண் (இப்போது பெங்களூரு)

எல்லோருக்கும் வணக்கம். ராணுவக் குடும்பத்தில் இருப்பவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள். அக்கா வீட்டுக்காரர் என்ஜினியர்ஸில் ஹவில்தார், 19 வருட சர்வீஸ். அடுத்த வாரம் நாயிப் சுபேதார் ஆகிறார். ஸ்டார் வைக்கிற நிகழ்ச்சி இங்கேதான், அல்சூர் ஏரிப் பக்கம். குடும்பத்தோடு வரச் சொல்லியிருக்கிறார்கள், அதனால் அக்கா, அவள் இரண்டு பிள்ளைகள், நான், காட்பாடியிலிருந்து அம்மாவும் அப்பாவும் போகிறோம். எங்களில் யாரும் இதுவரை ராணுவ வளாகத்துக்குள் கால் வைத்ததில்லை.

அப்பா வேட்டி தவிர வேறு எதுவும் உடுத்தியதே இல்லை, உள்ளே விடுவார்களா? அங்கேயே எல்லோர் முன்னிலையிலும் மாமாவுக்குப் பொன்னாடை போர்த்தி, ஒரு மோதிரமும் போட வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறார். மாமாவைக் கேட்டால் "நீங்க வந்தா போதும்மா" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. என் பங்குக்கு ஐந்தாயிரம் வரை செலவு செய்யலாம், ஆனால் என்ன வாங்குவது என்று பிடிபடவில்லை. இன்னொன்று, ஒரு தோளில் அக்காதான் ஸ்டார் வைக்க வேண்டுமாம். அவள் இரண்டு நாளாகச் சரியாகத் தூங்கவில்லை.

பழைய சாப்பர்

முதலில் மாமாவுக்கு என் வாழ்த்தைச் சொல்லிவிடுங்கள் தங்கச்சி. நானும் அந்த ஏரிக்கரை சென்டரில் ட்ரெயினிங் எடுத்தவன்தான். 1780-ல் தொடங்கிய என்ஜினியர் படை அது, மெட்ராஸ் சாப்பர்ஸ் என்று பெயர், ராணுவத்தில் எங்கே போனாலும் மெட்ராஸ் சாப்பரை "தம்பி" என்றுதான் கூப்பிடுவார்கள்.

உங்கள் அப்பா இதைச் சாதாரண பதவி உயர்வு என்று நினைத்துவிடக் கூடாது, அதனால் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன். ஹவில்தார் வரை கையில் வி வடிவப் பட்டை, லான்ஸ் நாயக்குக்கு ஒன்று, நாயக்குக்கு இரண்டு, ஹவில்தாருக்கு மூன்று. நாயிப் சுபேதார் ஆனதும் அந்தப் பட்டை கையை விட்டுப் போய்விடும், தோளில் ஒரு நட்சத்திரமும் ஒரு குறுக்குப் பட்டையும் ஏறும். ஜேசிஓ, அதாவது ஜூனியர் கமிஷண்ட் ஆபீசர் ஆகிவிட்டார் என்று அர்த்தம். 1965 வரை இதே பதவிக்கு ஜமேதார் என்று பெயர், உங்கள் தாத்தா காலத்து ஆட்களுக்கு அப்படிச் சொன்னால்தான் விளங்கும். காலியிடம் இருக்க வேண்டும், கேடர் என்கிற பதவி உயர்வுப் பயிற்சியில் பாஸ் செய்ய வேண்டும், வருடா வருடம் போகிற ரிப்போர்ட் நன்றாக இருக்க வேண்டும், உடம்பும் மெடிக்கலில் தேற வேண்டும். கூடச் சேர்ந்தவர்களில் எத்தனையோ பேர் ஹவில்தாராகவே வீட்டுக்குப் போயிருப்பார்கள். சியாச்சினில் 1987-ல் பாகிஸ்தான் வசமிருந்த முகட்டைப் பிடித்துப் பரம்வீர் சக்ரா வாங்கிய பாணா சிங் அப்போது நாயிப் சுபேதார்தான். நீரஜ் சோப்ரா 2016-ல் ராணுவத்தில் சேர்ந்ததும் இதே பதவியில்தான். அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்.

அன்றையிலிருந்து மாமாவை ஜவான்களும் "சாப்" என்பார்கள், அதிகாரிகளும் "சாப்" என்பார்கள். நேற்று வரை பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட அதிகாரி அன்றைக்கு முதல் தடவையாக "சாப்" என்று சொல்லிக் கை குலுக்குவார். எனக்கு அது நடந்தபோது என்ன பதில் சொன்னேன் என்றே நினைவில்லை, அப்படி இருந்தது.

சரி, கேட்டதற்கு வருகிறேன். எல்லோரும் ஆதார் அசலைக் கையில் வைத்திருங்கள், போனில் இருக்கும் படத்தை நம்ப வேண்டாம். பெயரும் வண்டி நம்பரும் முன்னாலேயே கேட்டுக்குப் போயிருக்க வேண்டும், அதை மாமா பார்த்துக்கொள்வார், ஆனால் கடைசி நேரத்தில் பெரியம்மா மகனையும் கூட்டிக்கொண்டு வருவது கூடாது. வடக்கே ஓர் ஊரில் என் சொந்தத் தம்பியையே பட்டியலில் பெயர் இல்லை என்று கேட்டில் நிறுத்திவிட்டார்கள், நான் மேலே ஸ்டார் வாங்குகிறேன், அவன் கீழே மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறான். இன்னும் அந்த வருத்தம் போகவில்லை. பத்து மணி என்றால் ஒன்பதே முக்காலுக்கே நாற்காலியில் இருங்கள். அப்பா அம்மா ரயிலில் வருவதென்றால் கண்டோன்மென்ட் ஸ்டேஷனில் நிற்கிற வண்டியா என்று பாருங்கள், அங்கிருந்து பக்கம். முந்தின நாளே வந்துவிட்டால் இன்னும் நல்லது.

வேட்டி விஷயம். நிகழ்ச்சிக்கு வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் வந்தால் யாரும் குறை சொல்லப் போவதில்லை, எங்கள் யூனிட்டில் எத்தனையோ அப்பாக்கள் அப்படித்தான் வந்தார்கள். மடித்து மட்டும் கட்டக் கூடாது. பிறகு டீக்கு மெஸ்ஸுக்குள், அதாவது அவர்கள் சாப்பிடுகிற, கூடுகிற இடத்துக்குள் கூப்பிட்டால் அங்கே உடைக்குத் தனிக் கட்டுப்பாடு இருக்கும், அது இடத்துக்கு இடம் மாறும். "மாமா, மெஸ்ஸுக்குள்ளயும் அப்பா வேட்டியில வரலாமா?" என்று நேராகக் கேளுங்கள், "வந்தால் போதும்" என்று நழுவ முடியாது.

மாலையும் பொன்னாடையும் சீருடை மேல் வேண்டவே வேண்டாம். அந்தச் சட்டையில் எது எங்கே இருக்க வேண்டும் என்பதற்கு அளவு உண்டு தங்கச்சி. வீட்டுக்கு வந்து சீருடையைக் கழற்றிச் சாதாரண உடைக்கு மாறியதும் ஆரத்தி எடுங்கள், பொன்னாடை போர்த்துங்கள், மோதிரமும் போடுங்கள். மொய்க்கவரும் வீட்டோடு இருக்கட்டும். சிஓ சாபுக்கென்று (யூனிட்டின் தலைமை அதிகாரி) தனியாக எதையும் கொண்டுபோகாதீர்கள், மாமாவுக்குத்தான் சங்கடம்.

பட்டாளத்து வீட்டுக்காரி

அக்காவைப் பற்றி யாரும் பேசவில்லையே. நான் பேசுகிறேன்.

நானும் ஸ்டார் வைத்தவள். மேடையில் பயப்பட ஒன்றுமில்லை, கஷ்டம் கொடுப்பது அந்தத் தோள் பட்டன்தான். கஞ்சி போட்டு இஸ்திரி போட்ட சட்டை அட்டை மாதிரி நிற்கும், பட்டன் ஓட்டை ஒட்டிக்கொண்டிருக்கும், விரலுக்கு வழியே கிடைக்காது. எதிர்த் தோளில் சிஓ முடித்துவிட்டுக் காத்திருக்கிறார், நான் இன்னும் பட்டனோடு இருக்கிறேன், என் வீட்டுக்காரர் அசையாமல் நின்றபடி உதட்டை மட்டும் அசைத்து "மெதுவா" என்றார். அந்த ஒரு சொல்லில் கை நடுக்கம் நின்றது. அதனால் முந்தின ராத்திரி வீட்டிலேயே அந்தச் சட்டையை நாற்காலியில் மாட்டி, பட்டனை நாலு தடவை கழற்றிப் போட்டுப் பழகச் சொல்லுங்கள். ஸ்டார் இருக்கிற தோள் பட்டையை எந்தப் பக்கம் நுழைப்பது என்றும் மாமாவிடம் கேட்டுக்கொள்ளட்டும். வலது கையில் கண்ணாடி வளையல் நிறைய வேண்டாம், சட்டையில் மாட்டும். புடவை எதுவானாலும் சரி, முந்தானையைப் பின் குத்திவிட்டால் இரண்டு கையும் காலியாக இருக்கும்.

இன்னும் சில விஷயம். பிள்ளைகளுக்குப் பட்டாளத்து டிசைன் போட்ட சட்டை வாங்கிப் போடாதீர்கள். ஆசையாக இருக்கும், ஆனால் அது உள்ளே இருப்பவர்களின் சீருடை. 2022 ராணுவ தினத்தில் புது காம்பாட் உடை வந்ததிலிருந்து இதில் இன்னும் கண்டிப்பு. மாமாவின் பெரே தொப்பியை எடுத்துக் குழந்தை தலையில் வைத்துப் படம் எடுப்பதும் வேண்டாம். முன்வரிசையை அவர்கள் உட்காரச் சொன்னால் மட்டும் உட்காருங்கள். நீங்கள் சல்யூட் அடிக்க வேண்டியதில்லை, வணக்கம் போதும்.

படம் எடுப்பதை அங்கே கேட்டுவிட்டு எடுங்கள். எடுத்த படத்தை யூனிட் பெயர், இடம் எல்லாம் எழுதி ஸ்டேட்டஸில் போடாதீர்கள். 2020-ல் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் உட்பட 89 செயலிகளைப் போனிலிருந்து நீக்கச் சொல்லி ராணுவத்தில் உத்தரவே வந்தது. நாம் போடுகிற ஒரு படத்துக்கு அவர் பதில் சொல்ல வேண்டி வரும்.

அப்புறம் ஒரு விஷயம், இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். பிரமோஷன் என்றதும் சொந்தக்காரர்கள் கேட்கிற முதல் கேள்வி "கேன்டீன்ல ரெண்டு பாட்டில் வாங்கித் தருவீங்களா?" வாழ்த்துச் சொல்லும் முன்பே கேட்பார்கள். அவருடைய கோட்டா அவருக்கு, விற்கவோ வெளியே கொடுக்கவோ கூடாது. உங்கள் வீட்டில் யாராவது கேட்டால் நீங்களே வாயை அடைத்துவிடுங்கள்.

கே.ஆர்.புரத்திலிருந்து

பரிசைப் பற்றி மட்டும் சொல்கிறேன், என் அண்ணன் பட்டாளத்தில் இருக்கிறார். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை வீட்டைக் கறுப்பு டிரங்குப் பெட்டிகளில் அடைத்துக்கொண்டு போகிறவர்கள். அதனால் கண்ணாடிச் சாமான், பெரிய விளக்கு, ஆளுயரக் கடிகாரம் எல்லாம் வேண்டாம். அண்ணனுக்கு நாங்கள் கொடுத்த கண்ணாடிப் பிள்ளையார் ஜான்சிக்குப் போய்ச் சேரும்போது தும்பிக்கை இல்லை, அண்ணி அழுதுவிட்டார்.

உங்கள் மாமாவிடம் மூன்று பட்டை போட்ட ஹவில்தார் ரேங்க் இருக்குமே, அதைக் கேட்டு வாங்குங்கள். நாயக் பட்டையும் எங்காவது டப்பாவில் கிடந்தால் அதிர்ஷ்டம். சிவாஜிநகர் பக்கம் ஃப்ரேம் போடுகிற கடையில் ஆழமான பெட்டி ஃப்ரேம் செய்து, கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் போடச் சொல்லி, பட்டைகளை வரிசையாகத் தைத்து, கடைசியில் புது நட்சத்திரத்துக்கு இடம் விட்டுக் கொடுங்கள். ஐந்தாயிரத்துக்குள் தாராளமாக முடியும். அது வேண்டாமென்றால் எம்ஜி ரோடு காவேரி எம்போரியத்தில் மைசூர் ரோஸ்வுட் வேலைப்பாட்டோடு சின்னப் பெட்டி கிடைக்கும், மெடல் வைத்துக்கொள்வார். பிள்ளைகளுக்குச் சென்னபட்டணம் பொம்மை. இனிப்பு கொண்டுபோகலாம், யூனிட்டில் எல்லோருக்கும் பங்கு வருகிற அளவுக்கு இருக்க வேண்டும்.

காட்பாடிப் பெண்

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. பாணா சிங் பற்றி அப்பாவுக்குப் போனில் வாசித்துக் காட்டினேன், கொஞ்ச நேரம் பேசவே இல்லை, அப்புறம் "மோதிரம் வீட்ல போட்டுக்கலாம்" என்றார். மாமாவிடம் நேராகக் கேட்டேன். மெஸ்ஸில் வேட்டிக்குத் தடையில்லையாம், காலில் மட்டும் ஷூ வேண்டும் என்றார், அப்பா வாங்கிக்கொள்கிறேன் என்கிறார்.

பழைய பட்டைகளை அக்காவிடம் கேட்டேன். லான்ஸ் நாயக் ஆனபோது போட்டதிலிருந்து மூன்றையும் எடுத்து வைத்திருக்கிறாள், மஞ்சள் டப்பாவில், கல்யாணப் புடவைக்கு அடியில். மாமாவுக்கே தெரியாதாம். அவர் லடாக்கில் இருந்தபோது இவள் வேலூரில் கைக்குழந்தையோடு தனியாக இருந்த காலத்தில் எடுத்து எடுத்துப் பார்ப்பாளாம். நாளைக்கே ஃப்ரேம் கடைக்குப் போகிறேன்.

ஒரே ஒரு சந்தேகம். அப்பா ஆற்காட்டிலிருந்து மக்கன் பேடா நூறு கொண்டுவருகிறேன் என்கிறார், அது பாகில் ஊறினது, மெஸ்ஸில் சரிவருமா?

பழைய சாப்பர்

தாராளமாகக் கொண்டு வரட்டும். பாகை வடித்து, மூடி இறுகின எவர்சில்வர் தூக்கில் அடுக்கச் சொல்லுங்கள், தட்டும் கரண்டியும் மெஸ்ஸில் இருக்கும். வாசலிலேயே மாமாவின் ஆட்களிடம் கொடுத்துவிடுங்கள், நீங்கள் பரிமாறப் போக வேண்டாம். நூறு போதாது, நூற்றைம்பது சொல்லுங்கள்.