முதல் டிராக்டர்: புது 25 ஹெச்பியா, பழைய 40 ஹெச்பியா?

புதுக்களம்:
நானும் என் கூட்டாளியும் தோட்ட வேலைகளை ஒப்பந்தத்துக்கு எடுத்துச் செய்கிறோம். பெரிய மனைகளில் புல் வெட்டுவது, களை மண்டிய இடத்தைத் திருத்துவது, மண் கொட்டிச் சமன் செய்வது, எருவும் ஜல்லியும் அள்ளிப் போடுவது, இப்படி. இதுவரை பவர் டில்லரையும் ஆள் பலத்தையும் வைத்தே ஓட்டிவிட்டோம், இனிமேல் தாங்காது. கையில் இருக்கிற காசுக்கு இரண்டு வழி தெரிகிறது. ஒன்று, புது 25 ஹெச்பி, ஹைட்ரோஸ்டாட்டிக் (கியர் மாற்றாமல் ஆயில் அழுத்தத்தில் ஓடுகிற வகை), நான்கு சக்கர இழுவை, முன்னால் மண் அள்ளுகிற லோடர். இன்னொன்று, அதே காசுக்குப் பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிய 40 ஹெச்பி கியர் வண்டி, அதுவும் லோடரோடு. டிராக்டர் ஓட்டத் தெரியும், சொந்தமாக வைத்துக்கொண்டதில்லை. எதை எடுக்கலாம்?

இரும்புக்கை:
யோசிக்கவே வேண்டாம் தம்பி, 40. ஷோரூமில் 25 என்று சொல்வது எஞ்சின் ஹெச்பி. பின்னால் பி.டி.ஓ. ஷாஃப்டில், அதாவது எஞ்சின் சக்தியைக் கருவிக்குக் கொடுக்கிற சுழல் தண்டில், வந்து சேர்வதுதான் உங்கள் கருவியைச் சுழற்றும். ஹைட்ரோஸ்டாட்டிக் வண்டியென்றால் அங்கே 18, 20 இருந்தால் பெரிது. மண்ணைக் கிளறுகிற ரோட்டவேட்டருக்கு, அகலத்தில் அடிக்கு 5 ஹெச்பி என்று வைத்துக்கொள்ளுங்கள், 4 அடி ரோட்டவேட்டருக்கே மூச்சு முட்டும். இறுகிய மண்ணில் ஒரே ஓட்டத்தில் முடிய வேண்டிய இடத்தை மூன்று தடவை உழுதுகொண்டிருப்பீர்கள்.

வரப்போரம்:
அவர் எழுதியதை இன்னொரு தடவை படியுங்கள் அண்ணே. உழவு என்ற வார்த்தையே அதில் இல்லை. புல் வெட்டுவதும் மண் அள்ளுவதும்தான் முக்கால்வாசி. லோடர் வேலை என்றால் முன்னே போ, அள்ளு, பின்னே வா, திரும்பு, கொட்டு, இதே கதை நாள் முழுக்க. கியர் வண்டியில் ஒவ்வொரு தடவையும் கிளட்ச் மிதிக்க வேண்டும். சாயங்காலம் இடது முழங்கால் சொல்லும், கொஞ்ச நாளில் கிளட்ச் பிளேட்டும் சொல்லும். ஹைட்ரோஸ்டாட்டிக்கில் பாதத்தைச் சாய்த்தால் முன்னே, மறுபக்கம் சாய்த்தால் பின்னே, அவ்வளவுதான்.

புல் வெட்டும்போது இதன் அருமை இன்னும் தெரியும். பி.டி.ஓ. 540 சுற்றில் நிலையாக ஓடிக்கொண்டிருக்க, புல் அடர்த்தியான இடத்தில் வண்டியின் வேகத்தை மட்டும் குறைத்து நகரலாம். கியர் வண்டியில் ஆக்சிலரேட்டரைக் குறைத்தால் பிளேடும் சேர்ந்து மெதுவாகும், புல் வெட்டுப்படாது, பிய்ந்துதான் போகும்.

இரும்புக்கை:
சரி, மண் அள்ளுவதையே எடுத்துக்கொள்வோம். ஈர மண் கன மீட்டருக்கு ஒன்றரை டன்னுக்கு மேல் கனக்கும், நன்றாக நனைந்திருந்தால் இரண்டு டன்னை நெருங்கும். 25 ஹெச்பி வண்டி லோடரின் தூக்கு திறன் பெரும்பாலும் 300லிருந்து 450 கிலோ. அந்தக் கணக்கையும் எங்கே எடுக்கிறார்கள் தெரியுமா? பக்கெட் மாட்டுகிற பின்னின் அருகே. உங்கள் சுமை அதற்கு அரை மீட்டர் முன்னால் இருக்கும், அங்கே திறன் இன்னும் குறையும். பக்கெட்டின் சொந்த எடையையும் கழித்துக்கொள்ளுங்கள். ஈர மண்ணை நிரப்பினால் பாதி பக்கெட்டோடுதான் நகர்வீர்கள். 40 ஹெச்பி வண்டி அதைப் போல இரண்டு மடங்கை அலட்டிக்கொள்ளாமல் தூக்கும்.

வரப்போரம்:
தூக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த 40ஐ வேலை நடக்கிற இடத்துக்கு எப்படிக் கொண்டுபோவீர்கள்? இது ஒரே நிலத்தில் நிற்கிற விவசாயியின் வண்டி இல்லை, தினமும் இடம் மாறுகிற வண்டி. சிறிய டிராக்டர், லோடர், பின்னால் ஒரு கருவி எல்லாம் சேர்ந்து 1.2, 1.4 டன்னுக்குள் அடங்கும். 40 ஹெச்பி கூட்டம் இரண்டு டன்னைத் தாண்டும். அதை ஏற்ற டிரெய்லர் பெரிதாகும், அதன் பிரேக் பெரிதாகும், அதை இழுக்கிற வண்டி பெரிதாகும், பல இடங்களில் ஓட்டுநர் உரிமத்தின் வகையே மாறும். டிராக்டரின் விலையை மட்டும் பார்த்துவிட்டு, இதையெல்லாம் யார் தலையில் கட்டுவது?

அப்புறம் கேட். புல்தரை வைத்திருக்கிற வாடிக்கையாளர் வீட்டுப் பக்கவாட்டு வழியில் நுழைய முடியாத வண்டி எத்தனை ஹெச்பி இருந்தால் என்ன? நுழைந்துவிட்டாலும், இரண்டு டன் வண்டி ஈரப் புல்தரையில் திரும்பினால் அந்தத் தடம் அடுத்த மழை வரை அழியாது. அந்த வாடிக்கையாளர் மறுபடி கூப்பிடவும் மாட்டார்.

கணக்குப்பிள்ளை:
இரண்டு பேரும் வண்டியைப் பற்றிச் சண்டை போடுகிறீர்கள், வண்டி வேண்டுமா என்றே யாரும் கேட்கவில்லை. புதுக்களம், மாதத்துக்கு எத்தனை மணி நேரம் டிராக்டருக்கு உண்மையிலேயே வேலை இருக்கும்? கடன் தவணை, காப்பீடு, டீசல், சர்வீஸ், தேய்மானம் எல்லாவற்றையும் கூட்டி அந்த மணியால் வகுத்துப் பாருங்கள். வாடகை வண்டியின் மணிக்கணக்கைவிட அது கூடுதலாக வந்தால், ஒரு பருவம் வாடகையிலேயே ஓட்டுவதுதான் புத்திசாலித்தனம். வெவ்வேறு அளவு வண்டிகளை எடுத்து ஓட்டிப் பார்த்ததாகவும் ஆகும். முதலாளி ஆகிற ஆசையில் தவணைக்கு வேலை செய்கிறவர்களை நிறையப் பார்த்தாகிவிட்டது.

இரும்புக்கை:
வாடகை வண்டி நமக்கு வேண்டிய நாளில் கிடைக்காது ஐயா. மழை விட்ட மறுநாள் ஊரில் எல்லாருக்கும்தான் வேண்டும்.

புதுக்களம்:
கணக்குப்பிள்ளை சொன்னதை ஏற்கெனவே போட்டுப் பார்த்தேன். புல் வெட்டும் ஒப்பந்தங்கள் மட்டுமே தவணையைத் தாங்கும், மற்றதெல்லாம் அதற்கு மேல். வாடகைக்கு எடுத்தால் வண்டி வரும் நாளுக்காக ஆட்களைக் காத்திருக்க வைக்க வேண்டியிருக்கிறது, அதுதான் அடிக்கிறது. வேலைப் பங்கு என்று பார்த்தால் பாதிக்கு மேல் புல், அடுத்து லோடர் வேலை, கடைசியில்தான் ரோட்டவேட்டர். நான்கைந்து இடங்களில் நுழைவு வழி குறுகல். கேள்வி: நடுவில் புது 35 ஹெச்பி ஏதாவது பார்க்கலாமா?

பட்டறைக்காரன்:
35க்குப் போகும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்காவின் டியர் 4 என்கிற எஞ்சின் புகை விதி 19 கிலோவாட்டிலிருந்து, அதாவது சுமார் 25 ஹெச்பியிலிருந்து மேலே, புகைத் துகள் வரம்பை மிகக் கடுமையாக்கியது. பல கம்பெனிகள் 24 சொச்சம் ஹெச்பியில் வந்து நின்றுகொள்வது இதனால்தான். அந்த மாதிரி விதி உள்ள இடங்களில் அதற்கு மேல் போனால் புது வண்டியில் பெரும்பாலும் புகைப்போக்கியில் துகள் வடிகட்டி வரும். அது சேர்ந்த கரியைத் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும், ஆனால் அதற்கு எஞ்சின் நன்றாகச் சூடாக வேண்டும். பத்து நிமிடம் ஓட்டி நிறுத்துவது, ஐடிலில் விட்டுவிட்டுப் பேசிக்கொண்டிருப்பது, இதெல்லாம் அந்த வடிகட்டிக்கு ஆகாது. உங்கள் வேலை துண்டு துண்டான வேலை.

பழைய 40ஐப் பார்க்கப் போகிறீர்கள் என்றால், ஹவர் மீட்டரை நம்பாதீர்கள். மிதிபலகையின் ரப்பர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, ஸ்டீயரிங் வழவழப்பாகிவிட்டதா என்று பாருங்கள், மீட்டர் பொய் சொன்னால் அவை காட்டிக்கொடுக்கும். விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லி, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குப்பென்று தள்ளினால் எஞ்சினுக்குள் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கும். ஹைட்ராலிக் ஆயில் பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. பின்னால் ஒரு கனமான கருவியைத் தூக்கி நிறுத்தி எஞ்சினை அணையுங்கள், கண்ணெதிரே மடமடவென்று இறங்கினால் லிஃப்டில் கசிவு. முன் ஆக்ஸிலை ஜாக்கியில் ஏற்றிச் சக்கரத்தை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள், லோடர் வைத்து உழைத்த வண்டி அங்கேதான் முதலில் ஆடும்.

இன்னொன்று, அந்த 40இல் பி.டி.ஓ. எப்படிப்பட்டது என்று கேளுங்கள். கிளட்ச்சோடு சேர்ந்தே நிற்கிற பழைய வகையாக இருந்தால், கிளட்ச்சை மிதித்த பிறகும் சுழல்கிற கனமான புல்வெட்டி கியர் பெட்டி வழியாக வண்டியை முன்னே தள்ளும். சுவர் ஓரத்தில் நிறுத்தப் பார்த்துச் சுவரிலேயே முட்டியவர்கள் உண்டு. இடையில், கருவி திருப்பித் தள்ளாமல் தடுக்கிற ஓவர்ரன்னிங் கிளட்ச் போட்டாக வேண்டும்.

வரப்போரம்:
பார்த்தீர்களா, பட்டறைக்காரரும் என் பக்கம்.

பட்டறைக்காரன்:
உங்கள் பக்கமும் இல்லை. ஹைட்ரோஸ்டாட்டிக் வண்டியின் ஆயிலையும் ஃபில்டரையும் நேரத்துக்கு மாற்றாமல், ஏதோ ஒரு ஆயிலை ஊற்றி ஓட்டினால் அந்தப் பம்ப் போய்விடும். போனால் பிரித்துச் சரிசெய்வதைவிட முழுசாக மாற்றுவதுதான் வழக்கம், செலவு வயிற்றைக் கலக்கும். கியர் பெட்டி என்றால் ஒரு பல்சக்கரம் மாற்றிப் பிழைத்துக்கொள்ளலாம். புது வண்டிக்கு பல கம்பெனிகள் 50 மணி நேரத்தில் முதல் சர்வீஸ் சொல்கின்றன, வேலை இருக்கிறது என்று அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

இரும்புக்கை:
இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். ஹைட்ரோஸ்டாட்டிக் நாள் முழுக்க பாரம் இழுத்தால் சூடேறும், டீசலும் கூடுதலாகக் குடிக்கும். தொழில் பெருகும்போது 25 போதாது, விற்றுவிட்டுப் பெரிதுக்குப் போவீர்கள், அப்போது அடிபடுகிற நஷ்டத்தை யாரும் கணக்கில் வைப்பதில்லை.

கணக்குப்பிள்ளை:
இல்லாத தொழிலுக்கு வண்டி வாங்கச் சொல்கிறீர்கள். பெருகினால் அந்தப் பெரிய வேலைக்கு அன்று மட்டும் பெரிய வண்டியை வாடகைக்கு எடுக்கட்டும். நிரந்தரமாக ஓடுகிற வேலைக்குச் சொந்த வண்டி, எப்போதாவது வருகிற வேலைக்கு வாடகை வண்டி. மேலே ஓர் ஒட்டுமொத்தக் கேள்வியாகக் கேட்டேன், அவர் கொடுத்த பங்கைப் பார்த்த பிறகு சொல்கிறேன்: புல்லுக்கு ஏற்ற வண்டியை வாங்குங்கள்.

வரப்போரம்:
டயர் பற்றி யாரும் பேசவில்லையே. உழவு டயரில், அதாவது ஆழமான பட்டை வைத்த ஆர்1இல், புல்தரைக்குப் போகவே கூடாது. புல் டயர் ஆர்3 தடம் விடாது, ஆனால் சேற்றில் வழுக்கும். இரண்டும் கலந்த வேலைக்கு ஆர்4 பரவாயில்லை, முள்ளையும் ஜல்லியையும் தாங்கும். பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள், நான்கு சக்கர இழுவை வண்டியில் முன், பின் சக்கரச் சுற்றளவு விகிதம் பொருந்த வேண்டும், இஷ்டத்துக்கு ஒரு டயர் போட்டால் முன் ஆக்ஸில் வாங்கிக் கட்டிக்கொள்ளும். இறுகிய தரையிலும் ரோட்டிலும் முன் இழுவையை எடுத்துவிட்டு ஓட்டுவதும் அதே காரணத்துக்குத்தான்.

புதுக்களம்:
25 பக்கம் சாய்ந்துகொண்டிருக்கிறேன். இரும்புக்கை அண்ணே கோபித்துக்கொள்ள வேண்டாம். ரோட்டவேட்டரை மூன்றரை அடிக்குள் எடுத்தால் போதுமா? ஷோரூமில் லோடரும் புல்வெட்டியும் சேர்த்து ஒரே விலையாகத் தருகிறார்கள், வேறு என்ன கேட்டு வாங்க வேண்டும்?

இரும்புக்கை:
கோபம் என்ன, உங்கள் காசு. மூன்றரை ஓடும், ஆனால் ரோட்டவேட்டரின் அகலம் பின் சக்கரத் தடத்தை மூடுகிறதா என்று பாருங்கள். மூடாவிட்டால் சக்கரம் மிதித்த கோடு உழவுக்கு வெளியே கிடக்கும். ஒரு பக்கமாகத் தள்ளி மாட்டுகிற வசதி இருந்தால் ஒரு தடத்தையாவது அழிக்கலாம்.

லோடர் வாங்கினால் பின்னால் எடையும் சேர்த்து வாங்குங்கள். ஷோரூமில் லோடரை மட்டும் மாட்டி அனுப்பிவிடுவார்கள். முன்னால் பக்கெட் நிறைந்து பின்னால் ஒன்றும் இல்லாவிட்டால் பின் சக்கரம் லேசாகிவிடும். பல வண்டிகளில் பிரேக் பின் சக்கரத்துக்கு மட்டும்தான், சரிவில் இறங்கும்போது அது தரையைப் பிடிக்காது. எடைப் பெட்டியோ, டயருக்குள் திரவமோ, இல்லை கனமான கருவி ஒன்றோ, ஏதாவது ஒன்று பின்னால் இருக்க வேண்டும். பக்கெட்டைத் தரையோடு ஒட்டித் தாழ்த்தித்தான் நகர வேண்டும்.

பட்டறைக்காரன்:
பின்னால் கருவியைத் தூக்குகிற லிஃப்டின் திறனையும் அட்டவணையில் சரியாகப் படியுங்கள். சிலர் கீழ்க்கையின் உருண்டை முனையில் அளந்த எண்ணைப் போடுவார்கள், சிலர் அதற்கு 610 மில்லிமீட்டர் பின்னால் அளந்ததைப் போடுவார்கள். இரண்டாவதுதான் உங்கள் கருவியின் எடை உண்மையில் தொங்குகிற இடத்துக்குப் பக்கம். இரண்டு கம்பெனி வண்டியை ஒப்பிட்டால் இரண்டுக்கும் ஒரே இடத்து எண்ணைக் கேளுங்கள். கருவி மாட்டுகிற இணைப்பின் அளவு கேட்டகரி 1 ஆக இருக்கட்டும், கீழ்ப் பின் 22 மில்லிமீட்டர். சின்ன வண்டிகளில் சிலவற்றுக்கு கேட்டகரி 0 வரும், அதற்குக் கருவி தேடுவதே தனி வேலை.

வண்டி கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்க இருக்கைக்குப் பின்னால் நிற்கிற ரோப்ஸ் வளைவு மடக்குவதா என்றும் பாருங்கள், மரக்கிளைக்கு அடியில் புல் வெட்ட உதவும். வளைவு நிமிர்ந்திருக்கும்போது பெல்ட் போட்டே ஆக வேண்டும், மடக்கியிருக்கும்போது போடவே கூடாது. மரத்தடியை விட்டு வெளியே வந்ததும் நிமிர்த்திவிடுங்கள்.

புதுக்களம்:
குறித்துக்கொண்டேன். ஷோரூமில் கேட்டதற்கு வண்டியை ஓட்டிப் பார்க்கத் தருகிறோம் என்கிறார்கள், காலி வண்டியாக.

பட்டறைக்காரன்:
காலியாக ஓட்டினால் எல்லா வண்டியும் நல்ல வண்டிதான். ஈர மண் குவியல் ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள், பின்னால் புல்வெட்டியும் மாட்டியிருக்கட்டும். அப்புறம் உதிரிபாக ஸ்டோரில் போய் ஹைட்ராலிக் ஃபில்டரும், பாரம் மிஞ்சினால் தானே முறிந்து மற்றதைக் காக்கிற பி.டி.ஓ. ஷியர் போல்ட்டும் இன்றைக்கே கையில் கிடைக்குமா என்று கேளுங்கள். ஆர்டர் போட்டு வரவழைக்கிறோம் என்று சொன்னால் வேறு ஷோரூம் பாருங்கள்.